கீழ்ச்சுரத்தில் நாற்பது ஆண்டுகள்: நிக் சீமோரின் பேஸ் கிதார்

பள்ளி இசைக்குழுவில் பேஸ் கிதார் வாசிக்கப்போவதாக மகள் சொன்ன அன்று நான் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, லீட் கிதாரை யாருக்குக் குடுத்துட்டாங்க?" என்பது. "யாரும் என்கிட்ட தள்ளிவிடல அப்பா. நானாத்தான் பேஸ் கேட்டேன்" என்றாள். கேள்வியில் இருந்த இளக்காரம் பிறகுதான் எனக்கே உறைத்தது.

அந்த இளக்காரம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், ஒரு பகுதி பழக்கத்திலிருந்து; இன்னொரு பகுதி கருவியிலிருந்து. திருச்சியில் எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரின் ஸ்பீக்கர் உள்ளங்கை அகலம். பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த நரம்பு விநாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலியை அந்தச் சின்ன ஸ்பீக்கரால் எழுப்ப முடியாது. கூடவே எழும் மேல் அதிர்வுகளை வைத்துக் காது மீதியை ஊகித்துக்கொள்ளும். 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' பாடல்களை நூறு முறை கேட்டிருப்பேன். அவற்றில் பேஸ் என்ன செய்கிறது என்பதை முதன்முதலாகக் கேட்டது ஆக்லாந்துக்கு முதுகலை படிக்க வந்தபின், பகுதிநேர வேலைக் காசில் வாங்கிய ஹெட்ஃபோனில்தான். அதே ஹெட்ஃபோனில்தான் கிரவுடட் ஹவுஸ் குழுவையும் கேட்கத் தொடங்கினேன்.

நியூசிலாந்தில் வாழ்பவருக்கு அந்தக் குழுவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சூப்பர் மார்க்கெட்டில் பால் எடுக்கும்போதுகூட அவர்கள் பாட்டு ஒலிக்கும். மற்ற நாட்டு வாசகர்களுக்காகச் சுருக்கமாக: ஸ்பிளிட் என்ஸ் என்ற புகழ்பெற்ற குழு 1984இல் கலைந்தது. அதன் பாடலாசிரியர்களில் ஒருவரான, தே அவமுட்டு ஊர்க்காரர் நீல் ஃபின், அடுத்த ஆண்டு மெல்பர்னில் புதிய குழு தொடங்கினார். டிரம்ஸுக்கு ஸ்பிளிட் என்ஸிலேயே வாசித்த பால் ஹெஸ்டர். பேஸுக்கு நிக் சீமோர் என்ற இளைஞர். ஸ்பிளிட் என்ஸின் மெல்பர்ன் பிரியாவிடைக் கச்சேரி முடிந்த விருந்தில் ஃபின்னைப் பிடித்து, புதுக் குழுவில் வாசிக்க வாய்ப்புக் கேட்டவர் அவர். அடிப்படையில் ஓவியர். அவருடைய அண்ணன் மார்க் சீமோர் அப்போதே ஹண்டர்ஸ் அண்ட் கலெக்டர்ஸ் குழுவின் பாடகராகப் பெயர் பெற்றிருந்தார்.

எல்லோரும் ஃபின்னின் பாடல்களைப் பற்றி எழுதுகிறார்கள். அவை அதற்குத் தகுதியானவைதாம். ஆனால் 1985இல் தொடங்கி இன்றுவரை, கிரவுடட் ஹவுஸ் என்ற பெயரில் வந்த ஒவ்வொரு தொகுப்பிலும் ஃபின்னைத் தவிர இருந்திருக்கும் தொடக்ககால உறுப்பினர் சீமோர் ஒருவரே. இதை விசுவாசம் என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. எனக்கு அது போதவில்லை. ஃபின்னின் பாடல் எப்போது ஃபின்னின் பாடலாக மட்டும் இருக்கிறது, எப்போது ஒரு குழுவின் பாடலாகிறது என்பதை முடிவுசெய்பவர் இந்த பேஸ் வாசிப்பவர்தான் என்பது என் கட்சி.

முதல் சான்று, சீமோருக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டிய ஒன்று. 1986இல் வந்த முதல் தொகுப்பின் தயாரிப்பாளர் மிட்செல் ஃப்ரூம். அதில் 'நவ் வியர் கெட்டிங் சம்வேர்' என்ற பாடலில் சீமோரும் ஹெஸ்டரும் இல்லை. அமெரிக்க ஸ்டுடியோ உலகின் இரண்டு பெரிய கைகள் வாசித்திருக்கின்றன: டிரம்ஸுக்கு ஜிம் கெல்ட்னர், பேஸுக்கு எல்விஸ் பிரெஸ்லியோடு பல ஆண்டுகள் மேடையேறிய ஜெர்ரி ஷெஃப். ஒரே தொகுப்பு, ஒரே பாடகர், ஒரே தயாரிப்பாளர். பேஸும் டிரம்ஸும் மட்டும் வேறு. விமர்சகனுக்கு இப்படி ஒரு பரிசோதனை எளிதில் கிடைக்காது.

அந்தப் பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தாளம் துள்ளுகிறது, பேஸ் சொகுசாக நடக்கிறது, எங்கும் ஒரு பிசிறு இல்லை. எனக்கு அதுதான் சிக்கல். தேர்ந்த ஓட்டுநர் ஓட்டும் காரில் பின்னிருக்கையில் சாய்ந்துகொள்வதுபோல் ஃபின் அதில் பாடுகிறார். அதே தொகுப்பின் 'டோன்ட் ட்ரீம் இட்ஸ் ஓவர்' பாடலை அடுத்ததாகக் கேளுங்கள். 1987இல் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை போன பாட்டு. சரணத்தில் சீமோர் வாசிப்பதைவிடக் காத்திருப்பதே அதிகம். ஒரு சுரத்தை வைத்துவிட்டு, குரல் அதற்கு மேல் என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டே அடுத்ததற்கு நகர்கிறார். அந்தச் சிறு தயக்கத்தில்தான் பாட்டின் துக்கம் இருக்கிறது. ஷெஃப் தயங்கியிருக்க மாட்டார். தயங்காமல் இருப்பதற்குத்தான் ஸ்டுடியோ கலைஞருக்குச் சம்பளம்.

இரண்டாவது சான்று இன்னும் கசப்பானது. இரண்டாம் தொகுப்பு 1988இல் வந்தது. முதலாவதன் அளவுக்கு விற்கவில்லை. ஃபின்னுக்குப் பாட்டு எழுத வராமல் போனது. 1989இல் அவர் சீமோரைக் குழுவிலிருந்து நீக்கினார். பாடலாசிரியருக்கு வறட்சி வந்தால் முதலில் கைவைப்பது பேஸ் வாசிப்பவர்மீது. ராக் இசையின் வரலாற்றில் இது புதிதல்ல. அலுவலகங்களின் வரலாற்றிலும் புதிதல்ல. திட்டம் தடுமாறும்போது முதல் பட்டியலில் எந்த மாதிரி ஆட்களின் பெயர் வரும் என்பது தகவல் தொழில்நுட்பத்தில் இருபது ஆண்டு கழித்த எனக்கு நன்றாகவே தெரியும். ஒரு மாதம் போனபின் சீமோரே ஃபின்னைக் கூப்பிட்டுப் பேசித் திரும்பிவந்தார். வந்தபின் உருவானது, அண்ணன் டிம் ஃபின்னும் சேர்ந்து எழுதிய 'வுட்ஃபேஸ்' (1991). ஐரோப்பாவில் குழுவை நிலைநிறுத்தியது அந்தத் தொகுப்புதான்.

திரும்பியவர் எப்படி வாசித்தார் என்பதற்கு 'டுகெதர் அலோன்' (1993) நல்ல சாட்சி. அதைப் பதிவுசெய்த கரேகரே, மனுகாவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குமேல். வரைபடத்தில் பார்த்தால் உறவு நெருக்கமானது: எங்கள் பக்கத்தில் சேறும் நீருமாகக் கிடக்கும் மனுகாவ் உள்கடல், மேற்கே ஃபாடிப்பு என்ற இடத்தில் டாஸ்மான் கடலோடு கலக்கிறது. அதற்கு வடக்கே அடுத்த கடற்கரை கரேகரே. கறுப்பு மணல், செங்குத்துப் பாறை, ஓயாத அலை. 'தி பியானோ' படத்தின் கடற்கரைக் காட்சிகள் எடுக்கப்பட்டதும் அங்கேதான். ஒரு வீட்டை ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றிக் குழு அங்கே தங்கியது. தயாரிப்பாளராக வந்த இங்கிலாந்துக்காரர் யூத், கில்லிங் ஜோக் குழுவின் பேஸ் வாசிப்பவர். ஒரு பேஸ் வாசிப்பவரின் தொழிலை அறிந்த காது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது என்பது இந்தத் தொகுப்பில் கேட்கிறது. முந்தைய தொகுப்புகளில் குரலுக்குக் கீழே ஒதுங்கியிருந்த பேஸ், இதில் அறையின் தரையாகவே இருக்கிறது.

தலைப்புப் பாடலில் தே வாகா ஹுயியா என்ற மாவோரிக் குழுவின் பாடலும், பசிபிக் மரமுரசுகளும், பித்தளைக் குழல்களும் சேர்கின்றன. மரமுரசு எங்களுக்கு அந்நியமல்ல. ஒவ்வொரு மார்ச்சிலும் பாலிஃபெஸ்ட் நடக்கும்போது மனுகாவே அதில் அதிரும். உச்ச ஒலியில் முரசுகள் பொரிந்துகொண்டிருக்கையில் கீழே ஒன்று அசையாமல் அடித்துக்கொண்டிருக்கும். அதை நம்பியே மற்றவை ஓடும். சீமோர் இந்தப் பாட்டில் அந்த இடத்தைப் புரிந்துகொண்டு வாசிக்கிறார் என்பேன். மெல்பர்ன்காரர் ஒருவர், இங்கிலாந்துத் தயாரிப்பாளரோடு, ஆக்லாந்தின் மேற்குக் கரையில், மாவோரிக் குரல்களுக்குக் கீழே நின்று வாசித்த இசை அது. இது ஆஸ்திரேலியக் குழுவா, நியூசிலாந்துக் குழுவா என்று இரு நாட்டினரும் இன்னும் சண்டை போடுகிறார்கள். இரண்டு ஊரைச் சொந்தம் கொண்டாடும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்தச் சண்டை சிரிப்பாக இருக்கும்.

ஹெஸ்டர் 1994இல் விலகினார். 1996 நவம்பர் 24இல் சிட்னி ஓபரா ஹவுஸ் படிகளில் பிரியாவிடைக் கச்சேரி. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் கூடியதாக மதிப்பீடு. பிறகு சீமோர் அயர்லாந்தில் வாழ்ந்தார். ஃபின் தனியே பாடினார். 2005 மார்ச்சில் ஹெஸ்டர் இறந்துபோனார். அதன்பின் நடந்ததுதான் என் மூன்றாவது சான்று. ஃபின் தன் தனித்தொகுப்பு ஒன்றைத் தொடங்கி, பேஸுக்குச் சீமோரை அழைத்தார். வேலை நடக்க நடக்க அது தனித்தொகுப்பாக இல்லாமல் போயிற்று. 'டைம் ஆன் எர்த்' என்ற பெயரில் 2007இல் வந்தபோது உறையில் கிரவுடட் ஹவுஸ் என்று இருந்தது. பாடல்களை எழுதியவர் மாறவில்லை; பாடியவரும் மாறவில்லை. சீமோர் வந்தார், பெயர் திரும்பியது.

நான்காவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஃபின் 2018இல் ஃப்ளீட்வுட் மேக் குழுவில் சேர்ந்தார். டிரம்ஸ் வாசிக்கும் மிக் ஃப்ளீட்வுட், பேஸ் வாசிக்கும் ஜான் மெக்வீ ஆகிய இருவர் பெயரையே பெயராகக் கொண்ட குழு அது. பாடகர்கள் வந்துபோனார்கள், அடித்தளம் அப்படியே இருந்தது. அங்கிருந்து வந்தபின் ஃபின் கிரவுடட் ஹவுஸை மறுபடி கூட்டினார்: தன் மகன்கள் லியம், எல்ராய்; பேஸுக்குச் சீமோர்; கீபோர்டுக்கு மிட்செல் ஃப்ரூம். 1986இல் சீமோருக்குப் பதில் ஷெஃப்பை வைத்துப் பதிவுசெய்த தொகுப்பின் தயாரிப்பாளர், முப்பது ஆண்டு கழித்து அதே சீமோரோடு ஒரே மேடையில் சக வாத்தியக்காரராக நிற்கிறார்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். இப்போது இது ஃபின் குடும்பத்துக் குழு. சீமோர் பழைய பெயரைக் காக்க வைத்திருக்கும் முத்திரைதானே என்று. முற்றிலும் தவறென்று சொல்ல மாட்டேன். 'ட்ரீமர்ஸ் ஆர் வெயிட்டிங்' (2021) தொகுப்பில் குரல்களும் கீபோர்டும் அடர்ந்து, பேஸ் மூச்சு முட்டும் இடங்கள் உண்டு. பழைய காத்திருப்புக்கு அங்கே இடமே கொடுக்கப்படவில்லை. 'கிராவிட்டி ஸ்டேர்ஸ்' (2024) அதைக் கொஞ்சம் சரிசெய்கிறது. அதன் உறை பீட்டில்ஸின் 'ரிவால்வர்' (1966) உறையை நினைவூட்டி வரையப்பட்டது. தொடக்கம் முதலே குழுவின் உறைகளை வரைந்துவரும் சீமோரின் கைவேலை. 'ரிவால்வர்' உறையை வரைந்த கிளாஸ் வூர்மனும் பேஸ் வாசிப்பவர்தான். படத்தில் எந்த இடத்தை வெறுமையாக விடுவது என்று யோசிக்கும் கை, நான்கு நரம்பிலும் அதையே யோசிக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

நம் பக்கம் வருவோம். பேஸைத் தம்புராவோடு ஒப்பிடும் ஆசை நமக்கு வரும். அது தவறு. தம்புரா ஆதாரத்தை மாற்றாமல் காக்கிறது. பேஸ் ஒரே ஒரு சுரம் நகர்ந்தால் மேலே உள்ள மெட்டின் பொருளே மாறும். இதை நன்கு அறிந்தவர் இளையராஜா. பேஸுக்குத் தனி மெட்டு எழுதுவார். காகிதத்தில் அவர் எழுதியதை வாசித்தவர் பல்லாண்டுகள் உடனிருந்த சசிதரன். ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் செய்திருப்பது இன்னொரு வகை. ரஹ்மான் உறைகளில் வாத்தியக்காரர் பெயர்களை அச்சிட்டதால்தான் அந்தப் பெயர் நமக்குத் தெரியும். எழுதித்தரப்பட்டதை வாசிப்பவருக்கும் தானே கண்டுபிடித்து வாசிக்கும் சீமோருக்கும் வேறுபாடு உண்டு. அதை மறைக்க வேண்டாம். ஆனால் எழுதிய சுரத்தை எவ்வளவு அழுத்தி, எவ்வளவு தாமதித்து வைப்பது என்பதை எந்தக் காகிதமும் சொல்லாது. அதை முடிவுசெய்த விரல்களைப் பற்றி நாம் என்ன எழுதியிருக்கிறோம்? நம் திரையிசை விமர்சனம் பெரும்பாலும் இசையமைப்பாளர்களின் வாழ்க்கை வரலாறு. ராஜாவா ரஹ்மானா என்று முப்பது ஆண்டாகச் சண்டை போட்ட நாம், இருவருக்கும் கீழே நின்று வாசித்தவர்கள்மேல் அந்தச் சூட்டில் பத்தில் ஒரு பங்கு காட்டியதில்லை.

சென்ற மாதம் மகளின் குழு பள்ளி அரங்கில் வாசித்தது. இடைவேளையில் நம்மவர் ஒருவர் என்னிடம், "பாப்பா பாடலையா?" என்று அன்பாகத்தான் கேட்டார். "இல்லீங்க, பேஸ்" என்றேன். "ஓ" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் காரில் மேலே சொன்ன இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டு, எது சீமோர் வாசித்தது என்று அவளிடம் கேட்டேன். இரண்டாவது பாட்டின் பாதியிலேயே, "இதுதான்" என்றாள். எப்படித் தெரிந்தது என்றேன்.

"இவர் அந்தப் பாடுறவரைக் கேட்டுக்கிட்டே வாசிக்கறார்ப்பா."