நூறு ஏக்கர்க் காடும் கூத்தராற்றுப்படையும்

கதை சொல்வாரும் கதை கேட்பாரும் வேறு வேறு இடத்தில் இருப்பது உலக வழக்கு. சொல்வார் சொல்லிச் செல்வர்; கேட்பார் கேட்டு மகிழ்வர். கதையில் வரும் காட்டினுள் கேட்பவன் கால் வைப்பதில்லை. இவ்வழக்கை மாற்றி, கேட்பவனைக் கைப்பிடித்துக் காட்டினுள் விட்டு, ‘நீ இங்கே நிற்கின்றாய், எப்பக்கம் செல்வாய்?’ என வினவும் விளையாட்டு வகை ஒன்று கணினியில் உண்டு. இன்றைய ஆட்டங்களைப் போலச் சுடுதலும் ஓடுதலும் அதில் இல்லை. எழுத்தைப் படித்தல் வேண்டும், எண்ணுதல் வேண்டும், சொல்லால் ஏவுதல் வேண்டும். இதனைச் சிறுவர் விளையாட்டென்று தள்ளிவிடாமல், ஓர் இலக்கிய வகையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1970-களின் நடுவில் அமெரிக்கராகிய வில் குரோதர் என்பார், கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகையில் தாம் ஊர்ந்து கண்ட வழிகளைச் சொற்களாலேயே அமைத்து, தம் பெண்மக்கள் ஆடுவதற்கென ஒரு நிரல் எழுதினார். டான் உட்ஸ் என்பார் அதனை 1977-இல் விரித்தார். படம் ஒன்றும் இல்லை. இருளும் பாறையும் நீரும் யாவும் சொல்லே. கோப்பெங் அருகே தெம்புரோங் குகைக்குச் சென்று வந்த எம் மாணவர்க்கு இவ்விளையாட்டை விளக்க நான் பெரிதும் முயல வேண்டியிருக்கவில்லை. ‘கைவிளக்கு அணைந்தால் எப்படி ஐயா?’ என்பதே அவர்கள் கேட்ட முதல் கேள்வி.

குகையிற் பிறந்த இவ்வகை விரைவில் பிற கதைகளையும் தன்னுள் இழுத்துக்கொண்டது. 1980-களின் நடுவில் சியரா ஆன்லைன் என்னும் நிறுவனம், வால்ட் டிஸ்னியாரின் வின்னி த பூ என்னும் கரடிக்குட்டிக் கதையை இவ்வகையில் வெளியிட்டது. எழுத்தோடு நிலைப்படங்களும் கலந்த ஆட்டம் அது. அதனை அமைத்த அல் லோ என்பார், கணினித் தொழிலுக்கு வருமுன் பல்லாண்டுகள் பள்ளியில் இசை கற்பித்த ஆசிரியர் என அறிந்தபோது எனக்கு ஓர் உறவு தோன்றியது. சென்ற பள்ளி விடுமுறையில், பழைய கணினியைப் போல நடிக்கும் ஒரு நிரலின் துணையால், ஐந்தாம் ஆண்டு மாணவர் அறுவரோடு அமர்ந்து இதனை ஆடினேன். ‘பூ’ என்றதும் மலர் என்று எண்ணியிருந்த ஒரு சிறுமி, கரடியைக் கண்டு சிரித்த சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.

முதலில் படத்தைப் பற்றி ஒரு சொல். ஏ. ஏ. மில்ன் எழுதிய நூல்களைத் தழுவி 1966, 1968, 1974 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த மூன்று குறும்படங்களை இணைத்து, 1977-இல் ஒரு முழுப் படமாக வெளியிட்டனர். அப்படத்தின் தனிச் சிறப்பு, அது தன்னை ஒரு நூலாகவே காட்டிக்கொள்வதாகும். பக்கம் புரள்கிறது, கரடி எழுத்துகளின் அருகே நடக்கிறது, வெள்ளம் வந்தால் அச்செழுத்துகளே நீரில் மிதந்து போகின்றன, மரத்தின்மேல் ஏறி இறங்கத் தெரியாமல் தவிக்கும் புலிக்குட்டி, கதைசொல்லி புத்தகத்தைச் சாய்த்துக் கொடுக்க, எழுத்து வரிசைமேல் கால்வைத்துக் கீழே வந்து சேர்கிறது. எழுத்தைப் பொருளாக, தொட்டு ஏறத்தக்க பொருளாக மதித்த படம் அது. ஆகவே, அதனை எழுத்தால் ஆடும் ஆட்டமாக்கியது பொருத்தமுடைய செயலே.

ஆட்டத்தின் கதை எளியது. பெருங்காற்று அடித்து, காட்டில் வாழ்வாரின் பொருள்கள் சிதறிப் போயின. ஆடுபவன் நூறு ஏக்கர்க் காட்டில் அலைந்து, பத்துப் பொருள்களைத் தேடி, உரியவரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பொருளையே சுமக்கலாம். இடையே புலிக்குட்டி வந்து மோதினால் கைப்பொருள் போய்விடும். எல்லாம் சேர்ப்பித்தால் விருந்து உண்டு.

இங்கே ஒரு வேற்றுமை நோக்கத்தக்கது. குகை ஆட்டத்தில் ஆடுபவன் புதையல்களைக் கவர்ந்து வந்து குவித்து மதிப்பெண் பெறுகிறான். கரடி ஆட்டத்திலோ, கண்டெடுத்தது எதுவும் தனக்கு அன்று. பிறர் பொருளைப் பிறர்க்கு மீட்டுத் தருவதே வெற்றி. வெல்வதற்கு எவரையும் வீழ்த்த வேண்டுவதில்லை. ‘இது யாருக்கு உரியது?’ என்ற ஒரு கேள்வியே ஆட்டம் முழுதும் ஓடுகிறது. ஆசிரியராக இருந்தவர் கைவண்ணம் இங்கே தெரிகிறது.

இனிக் குறையையும் சொல்லுதல் கடன். இவ்வாட்டத்தில் சிறுவன் தானாக ஒரு சொல்லும் எழுத வேண்டுவதில்லை. திரையின் கீழே தரப்பட்ட ஏவல்களுள் ஒன்றைத் தெரிந்தாற் போதும். எழுத்துக்கூட்டத் தடுமாறும் இளஞ்சிறார்க்கு இது வசதியே. ஆயினும், எழுத்தின்மேல் நடந்த படத்தின் பிள்ளைக்கு எழுத்தை ஆளும் உரிமை கிட்டவில்லை. எம் மாணவர் அரைமணி நேரத்தில் வாசிப்பதை விட்டு, படத்தைப் பார்த்துக் கை போன போக்கில் விசையை அழுத்தத் தொடங்கினர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. சொல்லுக்கு வேலை இல்லாத இடத்தில் சொல்லை யார் தேடுவர்?

நிற்க. ‘நீ செல்வாய், நீ காண்பாய்’ என முன்னிலையில் வழிகாட்டிச் செல்லும் இம்முறை மேல்நாட்டார் புதிதாய்க் கண்டதோ எனின், தமிழாசிரியர் நகைப்பர். பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படையே அன்றோ! பெருங்கௌசிகனார் நன்னன்மேற் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. கூத்தராற்றுப்படை என்பது அதன் மறுபெயர். பரிசில் பெற்று மீளும் ஒருவன், எதிர்ப்படும் கூத்தர்க்கு நன்னன் ஊருக்குச் செல்லும் வழியைக் கூறுகிறான். இவ்விடத்தில் பன்றிக்கு வைத்த பொறி உண்டு, இவ்விடத்தில் தினைப்புனம் காப்பார் எறியும் கவண்கல் வரும், இவ்விடத்தில் பாறை வழுக்கும் என ஒவ்வொரு திருப்பமும் முன்னிலையிலேயே சொல்லப்படுகிறது. வழிகள் கிளைக்கும் இடத்தில், பின்வருவார் மயங்காவண்ணம் புல்லை முடிந்து அடையாளம் இடுமாறும் அறிவுறுத்துகிறான். குரோதரின் குகை ஆட்டத்தை ஆடியோர், ஒன்றுபோல் தோன்றும் வழிகளில் சிக்கியபோது, கைப்பொருளை ஆங்காங்கே இட்டு அடையாளம் செய்தே மீண்டனர். புலவர் கண்ட புல்முடியும் இவர் இட்ட பொருளும் ஒரே அறிவின் இரு வடிவங்கள் அல்லவா?

ஒப்புமை கண்டதும் ‘எல்லாம் நம்மிடம் இருந்தது’ என மார்தட்டி அமைவது திறனாய்வு ஆகாது. ஆற்றுப்படையில் ஏவுபவன் வழி அறிந்தவன். கேட்பவன் வாய் திறப்பதில்லை. கணினி ஆட்டத்திலோ, வழி அறியாதவன் ஏவுகிறான். வழி அறிந்தது விடை சொல்கிறது. இம்மாற்றமே புதுமை, இதனைத் தமிழிற் கொண்டுவரும்போதுதான் நம் மொழியின் இயல்பு விளங்கித் தோன்றும்.

ஆங்கிலத்தில் வினையையும் பெயரையும் அடுத்தடுத்து வைத்தால் ஏவல் முடிந்தது. தமிழிலோ வேற்றுமை உருபு வேண்டும். விளக்கை எடு, வாளியில் ஊற்று, மரத்தடியில் வை, பாட்டிக்குக் கொடு. ‘தண்ணீர் குடி’ எனத் தொகையாய் வந்தாலும் குற்றமில்லை. இரண்டும் ஏற்கப்படல் வேண்டும். கரடி ஆட்டத்தின் உயிராகிய மீட்டுத் தருதல், தமிழில் நான்காம் வேற்றுமையின் கொடைப்பொருளில் நிற்கிறது. உருபு பிழைத்தால் பொருள் உரியவரைச் சேராது. இலக்கணப் பிழைக்குச் சிவப்பு மையால் கோடிடுவதைவிட இது வலிய பாடம் என்பதைப் பயிற்சிக் கல்லூரியில் படித்த எவரும் உணர்வர்.

இதனைக் கணினி இன்றியே செய்து பார்த்தோம். ஒரு மாணவன் கதைசொல்லி, மற்றவர் ஏவுவோர். உருபு தவறினால் கதைசொல்லி ‘விளங்கவில்லை’ என்பான். காடு எது? எம் பள்ளியைச் சூழ்ந்து ஒருகாலத்தில் நின்ற ரப்பர்த் தோட்டமே காடு. நூறு ஏக்கர் என்றால் எங்கள் பக்கத்துப் பெரியோர்க்கு நினைவில் எழுவது பால்மரக் காடுதான். மரம் இன்று இல்லை; செம்பனையும் வீடமைப்பும் வந்துவிட்டன; லயங்கள் இடிக்கப்பட்டன; பிள்ளைகள் பட்டணத்துக் குடியிருப்புகளிலிருந்து வேனில் வருகின்றனர். பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, கிராணி வீடு, மாரியம்மன் கோயில், பால் நிறுக்கும் ஸ்டோர் எனப் பன்னிரண்டு இடங்களை அட்டையில் எழுதினோம். மங்கு, காண்டா வாளி, பால்வெட்டும் கத்தி, ஒட்டுப்பால் கூடை எனப் பத்துப் பொருள்களைக் காற்றில் சிதறவிட்டோம்.

அப்போது இரண்டு நிகழ்ந்தன. பாட்டி ஒருவரை ஏவும் இடத்தில் மாணவன் ‘வா’ என்றான். அருகிருந்த சிறுமி, ‘பாட்டியை வா என்று சொல்லலாமா ஐயா? வாங்க என்று சொன்னால்தான் வருவார்’ என்றாள். அன்றுமுதல் எங்கள் ஆட்டத்தில் மரியாதை இல்லாத ஏவலுக்குப் பெரியோர் அசைவதில்லை. ஆங்கில ஆட்டம் எதிலும் இவ்விதி இருக்க இயலாது.

மற்றொன்று: பேரனை அழைத்துப் போக வந்த ஒரு மூதாட்டி, தரையில் பரப்பிய அட்டைகளை நெடுநேரம் பார்த்தார். முப்பது ஆண்டு பால்வெட்டியவர். குனிந்து, ஆயாக்கொட்டகை அட்டையை எடுத்துப் பெரட்டுக்களத்துக்கு மறுபுறம் வைத்தார். ‘விடியுமுன்னே பிள்ளையை விட்டுட்டுப் பெரட்டுக்கு ஓடணும். அந்தப் பக்கம் இருந்தா எப்படி ஓடுறது?’ என்றார். நான் சிறுவனாய்த் திரிந்த தோட்டம் அது. எனினும் என் நினைவு பிழைத்தது, அவர் கால்கள் பிழைக்கவில்லை. பேரன் அவ்விடத்திற்கு ஒரு வரி எழுதிச் சேர்த்தான்: ‘இங்கே பிள்ளைகள் அழும் ஒலி கேட்கிறது, இன்னும் விடியவில்லை.’ அவன் அதுவரை நான்கு சொல் தொடர்ந்து எழுதியவன் அல்லன்.

மாமத் குகை இன்றும் இருக்கிறது. குரோதர் சொல்லாற் செய்த குகை இல்லாவிடினும் அதனைச் சென்று காணலாம். எங்கள் தோட்டத்தைச் சென்று காண இயலாது. அதன் வழியறிந்தார் எண்பது வயதை எட்டிக்கொண்டிருக்கின்றனர். கரடி ஆட்டத்தின் நற்பண்பாகிய மீட்டுத் தருதலையும், மலைபடுகடாத்தின் வழிகூறும் நுட்பத்தையும் கொண்டு, ஒவ்வொரு தோட்டப்பள்ளியும் தன் மண்ணைப் பன்னிரண்டு அட்டையில் எழுதிவைக்கலாம். கணினியில் ஏற்றுவதைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம். அட்டையும் எழுதுகோலும் எல்லாப் பள்ளியிலும் உண்டு. வழி சொல்லும் பாட்டிமார் எத்துணை நாள் இருப்பர் என்பதே கேள்வி. ஆசிரியப் பெருமக்கள் இவ்வாண்டே தொடங்குதல் நன்று.