பழி ஓரிடம், பாரம் ஓரிடம்

எண்ணெயின் விலை ஏறும்போதெல்லாம் மேடையில் சொல்லின் விலை இறங்கிவிடுகிறது. "அவரே காரணம்" என்று இவர் முழங்குவார். "இவரே காரணம்" என்று அவர் முழங்குவார். கைதட்டல் இருபுறமும் கிடைக்கும். கணக்கு மட்டும் எப்புறமும் கிடைக்காது. பெட்ரோல், டீசல் விலையைப் பற்றிச் சில ஆண்டுகளாக நம் அரசியல் மேடைகளில் பெருகி வந்துள்ள பேச்சுக்களை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது நம் கடன்.

யார் பொருட்டு உரைத்துப் பார்க்க வேண்டும்? பெரம்பலூர்ப் பக்கத்தில் சின்ன வெங்காயம் விளைவிக்கும் உழவர் பொருட்டு. அந்நகருக்கு இரயில் நிலையம் இல்லை. விளைந்தது லாரி ஏறித்தான் சந்தை சேர வேண்டும். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லைச் சுமந்து சிமெண்ட் ஆலைக்கு ஓடும் லாரியின் ஓட்டுநர் பொருட்டு. டீசல் விலை உயர்ந்தால் அதைச் சிமெண்ட் மூட்டையின் விலையில் ஏற்றிவிட ஆலைக்கு வழியுண்டு. வெங்காயத்திற்கு விலை சொல்ல உழவனுக்கு வழியுண்டோ? சந்தை சொன்ன விலைக்கு விற்பான். பங்க்கு சொன்ன விலைக்கு வாங்குவான். இடையில் நசுங்குவது அவன் வாழ்வு!

பழிபோடுதல் பற்றிப் பேசும்போது அரியலூர் நமக்கொரு பழைய பாடத்தை நினைவூட்டுகிறது. 1956 நவம்பர் 23ஆம் நாள், அவ்வூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தில், வெள்ளப் பெருக்கினிடையே தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 100க்கு மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே துணை அமைச்சராயிருந்த ஓ. வி. அளகேசனின் பெயரை அவ்வூரின் பெயரோடு மோனையாய்ப் பிணைத்த முழக்கம் தமிழகமெங்கும் ஒலித்தது. அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அவர் விபத்துக்குக் காரணமானவர் என்பதற்காக அல்ல, அரசியல் நெறிக்கு எடுத்துக்காட்டாகவே விலகலை ஏற்பதாகப் பிரதமர் நேரு நாடாளுமன்றத்தில் கூறினார்.

அங்கே தெளிந்து நிற்கும் உண்மை என்ன? காரணம் வேறு, பொறுப்பு வேறு! வெள்ளம் காரணமாகலாம், வெள்ளத்தைப் பதவி விலகச் சொல்ல முடியாது. ஆட்சிப் பீடத்தில் அமர்ந்தவர் அதற்குரிய பொறுப்பை ஏற்கிறார். எண்ணெய் விலையைப் பேசும் இன்றைய மேடைகளோ, காரணத்தைக் காட்டிப் பொறுப்பை மறைக்கும் கலையில் தேர்ந்துவிட்டன. அவை கையாளும் கேடயங்கள் மூன்று.

முதற் கேடயம்: "உலகச் சந்தை." முற்றிலும் பொய்யன்று. நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. பெட்ரோலுக்கு 2010 ஜூனிலும், டீசலுக்கு 2014 அக்டோபரிலும் விலைக் கட்டுப்பாடு நீங்கிற்று. 2017 ஜூன் முதல் நாள்தோறும் விலை திருத்தும் முறையும் வந்தது. சந்தை ஏறினால் ஏறும் விலை, சந்தை இறங்கினால் இறங்கத்தானே வேண்டும்? 2020 ஏப்ரலில் இந்தியா வாங்கும் கச்சா எண்ணெய் பீப்பாய் 20 டாலர் அளவுக்குச் சரிந்தது. மே மாதம் மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரியை உயர்த்திற்று. 2014 மே மாதத்தில் லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசாயிருந்த பெட்ரோல் மீதான மத்திய வரி 32 ரூபாய் 98 காசாயிற்று. டீசல் வரி 3 ரூபாய் 56 காசிலிருந்து 31 ரூபாய் 83 காசாயிற்று. தொற்றுக் காலத்தில் கருவூலம் வற்றியது, பணம் தேவைப்பட்டது என்றால், அதைச் சொல்லியே கேட்டிருக்கலாம். சந்தையின் தலையில் பழியைச் சுமத்துவானேன்?

இன்னொரு விந்தை! 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து 2022 மார்ச் 21 வரை, உலக விலை கொதித்தபோதும், எண்ணெய் நிறுவனங்களின் விலை அசையவில்லை. உத்தரப் பிரதேசம் முதலிய ஐந்து மாநிலங்களின் தேர்தல் முடிந்த பின்னரே அசைந்தது. தேர்தலுக்கு விடுமுறை விடும் சந்தையை எந்தப் பொருளாதார நூல் கண்டது?

இரண்டாம் கேடயம்: "எண்ணெய்ப் பத்திரம்." முந்தைய ஆட்சி விலையை அடக்கி வைத்து, நிறுவனங்களுக்குப் பணத்துக்குப் பதில் கடன் பத்திரம் தந்தது உண்மை, சுமையைப் பின்வருவோர் தோளுக்குத் தள்ளியது தவறே. ஆனால் 2021 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சர் அதைக் காட்டி வரியைக் குறைக்க இயலாதென்றார். அப்பத்திரங்களுக்குரிய வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 10 ஆயிரம் கோடி. 2021-22இல் திருப்ப வேண்டிய முதல் இன்னொரு 10 ஆயிரம் கோடி. 2020-21இல் பெட்ரோல், டீசல் வழியே மத்திய அரசு திரட்டிய வரியோ 3 இலட்சம் கோடிக்கு மேல்! கடுகைக் காட்டி மலையை மறைக்கலாகுமா?

மூன்றாம் கேடயம்: "மாநில வரி." இதிலும் இரு பக்கம் உண்டு. 2021 பிப்ரவரியில் 32 ரூபாய் 90 காசாயிருந்த மத்திய வரியில், மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படை வரி வெறும் 1 ரூபாய் 40 காசு. எஞ்சியது செஸ், கூடுதல் வரி என்னும் பெயர்களால் பங்கீட்டிலிருந்து விலக்கப்பட்டது. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துக் கிடைத்தது லிட்டருக்கு 57 காசு. எனினும், அதைச் சொல்லி நம் மாநில ஆட்சியாளர் தப்பிவிட முடியாது. தமிழக அரசு 2017இல் பெட்ரோல் வரியை 27 விழுக்காட்டிலிருந்து 34ஆக உயர்த்திற்று. 2020 மே மாதத்திலும் உயர்த்திற்று. 2021 தேர்தலில் பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 4 ரூபாயும் குறைப்போம் என வாக்களித்த கட்சி, ஆட்சி ஏறிய அந்த ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது. டீசல் வரியைத் தொடவில்லை. லாரியும் டிராக்டரும் ஓடுவது டீசலிலன்றோ? பிறர் முதுகின் அழுக்கைக் காட்டும் விரல் தன் முதுகையும் தடவிப் பார்க்கட்டும்.

ஆகவே, தோழர்களே, பெரம்பலூர்த் திடலிலோ அரியலூர்க் கடைவீதியிலோ இனி எண்ணெய் விலை பற்றி எவர் பேசினும் நான்கு வினாக்களைத் தொடுங்கள். உலக விலை எவ்வளவு? மத்திய வரி எவ்வளவு? மாநில வரி எவ்வளவு? ஏற்றியவர் யார், எந்நாளில்? இவற்றுக்கு விடை சொல்லும் பேச்சு, கொச்சையாயினும் கொள்ளத்தக்கது. விடை சொல்லாத பேச்சு, எதுகை கொஞ்சினும் தள்ளத்தக்கது. பேசுவோர் எக்கொடி பிடிப்பவராயினும் இவ்வளவுகோல் ஒன்றே.