'அர்' விகுதி யாருக்கு?

வ. புதுப்பட்டியில் பிறந்த பாமாவை 'எழுத்தாளர்' என்கிறோம். பால் வேற்றுமை காட்டாத சொல். 'ஆசிரியை' என்று எழுதிய இடங்களிலும் இன்று 'ஆசிரியர்' என்றே எழுதுகிறோம். நன்று. ஆயினும், 1994-இல் வெளிவந்த அவரது 'சங்கதி' நம்மை வேறொரு வினாவின்முன் நிறுத்துகிறது. ஆணுக்கு நிகராக உழைத்தும் குறைந்த கூலி பெறும் தலித் பெண்கள், தம் பாடுகளைத் தம் பேச்சுமொழியிலேயே உரைப்பது இந்நூலின் வலிமை. அத்தகையோரைக் குறிக்க நம் நாவில் எழுவன 'வேலைக்காரி', 'கூலிக்காரி' என்பவையே. 'அர்' விகுதி பாலை மறைப்பது மட்டுமன்று, மரியாதையும் தருவது. அம்மரியாதையைப் படித்தோர்க்கு அளித்து, பாடுபடுவோர்க்கு மறுக்கிறோம். சம ஊதியச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அவர்களையும் 'தொழிலாளர்' என்போம். அச்சொல்லோடு சமகூலியையும் சேர்த்தே கொடுப்போம். கூலியில் இல்லாத சமத்துவம் சொல்லில் மட்டும் இருப்பின், அது வெறும் உபசாரமே.