கலை அரசியும் செவ்வாய்க் குழந்தைகளும்

மட்டமான படங்களுக்கு விமரிசனம் எதற்கு என்று நண்பர்கள் சிலர் எம்மைக் கடிந்துகொள்வதுண்டு. ஆனால் எமது மாணாக்கர் பார்ப்பவற்றுள் பெரும்பாலானவை அத்தகைய படங்களே. அவற்றைப் புறக்கணித்துவிட்டு உலக சினிமாவைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பது ஒருவகைச் சோம்பல் என்றே கருதுகிறோம்.

1961 ஏப்ரலில் யூரி ககாரின் விண்வெளி சென்று மீண்டார். அவ்வாண்டு டிசம்பரில் இலங்கைக்கும் வந்து சென்றார். இரண்டாண்டு கழித்து, 1963 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டை அடுத்து வெளிவந்தது 'கலை அரசி'. ஏ. காசிலிங்கம் இயக்கம், கே. வி. மகாதேவன் இசை, எம். ஜி. ஆரும் பானுமதியும் நடித்திருந்தனர். வேற்றுக் கிரகம் ஒன்றில் விஞ்ஞானம் ஓங்கியிருக்கிறது, கலையோ இல்லை. ஆகவே நம்பியார் பறக்கும் கலத்தில் பூமிக்கு வந்து பாடகியொருத்தியைத் தூக்கிச் செல்கிறார். நாயகன் பின்தொடர்ந்து சென்று மீட்கிறான். இராசா ராணிக் கதைக்கு ரொக்கெட் பூட்டியதுதானே என்று இன்று சிரிக்கிறோம். சிரிப்பதில் தவறில்லை. எனினும் சிரிக்க வேண்டிய இடம் அட்டைக் கலம் அன்று. பாடத் தெரியாத ஒரு சமுதாயம் கோள்விட்டுக் கோள் செல்லும் கலத்தை எவ்வாறு செய்தது என்று படத்தை ஆக்கியோர் ஒரு கணமும் கேட்டுக்கொள்ளவில்லை. வன்னியில் அருவி வெட்டும்போதும் சூடு மிதிக்கும்போதும் பாட்டுப் பிறந்தது. எவரும் அதனை வெளியிலிருந்து கொண்டுவந்து இறக்கவில்லை. 'கலை அரசி'யிலோ கலை என்பது நகைப்பெட்டி போன்றது. அடைந்தவனுக்கு அது சொந்தம், பறிகொடுத்தவனுக்கு நட்டம்.

அடுத்த ஆண்டு, 1964 நவம்பரில், நத்தார் விடுமுறையை நம்பி அமெரிக்காவில் ஒரு படம் வெளிவந்தது. செவ்வாய்வாசிகளை நத்தார்த் தாத்தா வெற்றிகொள்வதாகப் பெயர். இயக்கியவர் நிக்கலஸ் வெப்ஸ்ரர். செலவு ஏறத்தாழ 2 இலட்சம் டொலர்; ஹொலிவூட் கணக்கில் அது காற்காசு. நியூயோர்க்கை அடுத்த லோங் ஐலண்டில், கைவிடப்பட்ட விமானக் கொட்டகையொன்றில் படம்பிடித்தனர். செவ்வாய்வாசிகளுக்கு முகத்தில் பச்சைச் சாயமும் தலைக்கவசத்தில் உணர்கொம்பும் போதுமென்று விட்டுவிட்டனர். விமானங்கள் பறக்கும் காட்சிகள் இராணுவப் படச்சுருள்களிலிருந்து எடுக்கப்பட்டவை. உலகின் மிக மோசமான படங்களைத் தொகுப்போர் இதனை விட்டுவைப்பதில்லை.

கதை எமக்கு முன்பே தெரிந்ததுதான். செவ்வாயில் அறிவு உண்டு, மகிழ்ச்சி இல்லை. ஆகவே மகிழ்ச்சி தருபவரைப் பூமியிலிருந்து கடத்துகின்றனர். சென்னையும் நியூயோர்க்கும் ஒன்றையொன்று பாராமலே ஒரே கனவைக் கண்டன போலும்!

சென்ற டிசம்பர் விடுமுறையில், மாரி சற்று ஓய்ந்த ஒரு பிற்பகலில், மாங்குளத்தில் எமது மாணாக்கர் சிலருக்கு மடிக்கணினியையும் ஒரு வெள்ளை வேட்டியையும் கொண்டு இப்படத்தைக் காட்டினோம். வசனங்களை நின்றபடியே தமிழில் சொன்னோம். பனிக்கரடி வந்ததும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தனர். தோலுக்குள் ஆள் நடப்பது யாருக்கும் தெரியும். இதே பிள்ளைகள் காத்தவராயன் கூத்தில் காகித முடியைக் கண்டு சிரிப்பதில்லை. கூத்தன் பாட்டாலும் ஆட்டத்தாலும் அரசனாகிறான். சபையும் அதற்கு உடன்படுகிறது. படத்தின் வறுமை பணத்தில் இல்லை. பார்ப்போர் அவ்வாறு உடன்படும்படி எதனையும் அது செய்யவில்லை.

ஓரிடத்தில் மட்டும் சிரிப்பு நின்றது. செவ்வாய்க் குழந்தைகள் ஏன் உண்ணாமல் உறங்காமல் வாடுகின்றன என்று அவர்களின் தலைவன் ஒரு கிழவனிடம் கேட்கிறான். வயது 800. பிறந்த நாள்முதல் இயந்திரத்தால் மூளைக்குள் பாடம் ஏற்றப்பட்டமையால் அவை ஒருநாளும் குழந்தைகளாக இருந்ததில்லை என்கிறான் கிழவன். மொழிபெயர்த்துச் சொல்லி முடிக்கையில் எமக்கே குரல் தடித்தது. எமது பிள்ளைப் பருவத்தை யுத்தம் கொண்டுபோயிற்று. மின்சாரமில்லா வன்னியில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை நாம். ஆயினும் பதுங்குகுழி வாயிலில் கிட்டிப்புள் அடித்தோம். 2009க்குப் பின் பிறந்த இப்பிள்ளைகளுக்கு மின்சாரம் உண்டு, புகையிரதமும் உண்டு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் முடியும்வரை விளையாட்டு மட்டும் இல்லை. இதில் ஆசிரியராகிய எமது பங்கை மறைப்பதற்கில்லை. விடுமுறை வகுப்பு நாமும் எடுத்திருக்கிறோம்.

இவ்வளவு கூர்மையாக நோயைச் சொன்ன படம் மருந்தில் தடுக்கி விழுகிறது. பொத்தானை அழுத்தினால் பொம்மை விழும் இயந்திரத்தைச் செவ்வாயில் நிறுவுகின்றனர். நத்தார்த் தாத்தாவே அதில் சலிப்படைகிறார். அந்தச் சலிப்பைப் பின்தொடரப் படத்துக்குத் துணிவில்லை. விளையாட்டைப் பறித்த இயந்திரத்துக்கு இன்னோர் இயந்திரம் பரிகாரமாம்! விடுமுறைச் சந்தைக்கு வேறு முடிவு கட்டுப்படியாகாது. எனினும் இறுதியில் பூமிப் பிள்ளைகளும் செவ்வாய்ப் பிள்ளைகளுமாகச் சேர்ந்து பொம்மைகளாலேயே வில்லனைத் தாக்கி வீழ்த்தும் காட்சி ஒன்றுண்டு. இயக்குநர் கவனியாதிருந்த வேளையில் பிள்ளைகள் உண்மையிலேயே விளையாடிவிட்டனர் என்று எமக்குத் தோன்றிற்று.

அக்காட்சியை ஐந்து பிள்ளைகள் காணவில்லை. நாலு மணிக்கு வகுப்பு என்று சொல்லி எழுந்து போய்விட்டனர். அடுத்த வாரம் அவர்களுள் ஒருத்தி வழியில் எம்மை நிறுத்தி, "சேர், அந்தப் பிள்ளையள் கடைசியில விளையாடினவையோ?" என்று கேட்டாள். விளையாடினார்கள் என்றோம். இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.