கதைச் சித்திரமும் காரத்தொழுவு சங்கரும்

திண்டுக்கல் கோட்டைப் பாறைக்கு மேற்கே, ஒட்டன்சத்திரம், பழனி என்று சமவெளியில் நீளும் சாலை மாவட்ட எல்லையைக் கடந்ததும் மடத்துக்குளத்தை அடைகிறது. அதற்கப்பால், தாராபுரம் பக்கத்தில், காரத்தொழுவு என்றொரு சிற்றூர். ‘அம்புலிமாமா’ என்ற சிறுவர் பத்திரிகையின் சித்திரக்காரர் சங்கர் என்று தேசமெங்கும் அறியப்பட்ட கே. சி. சிவசங்கரன் 1924 ஜூலை 19 அன்று பிறந்தது அவ்வூரில்தான். அண்டை வட்டாரத்துக்காரர் என்ற அபிமானம் திண்டுக்கல் வாசகனாகிய எனக்கு இருக்கிறது. ஆயினும், தமிழில் கதைச் சித்திரம் எவ்வளவு உயரம் சென்றது, எந்த இடத்தில் தயங்கி நின்றது என்ற இரண்டையும் அவர் ஒருவருடைய வாழ்க்கையிலேயே காணலாம் என்பதே அவரை ஆராய என்னைத் தூண்டியது.

1924 இக்கலைக்கு விசேஷமான ஆண்டு. ‘பொன்னியின் செல்வ’னுக்குச் சோழர்களின் முகங்களைச் சிருஷ்டித்துக் கொடுத்த மணியமும், ‘தில்லானா மோகனாம்பா’ளின் மாந்தர்களைத் தஞ்சை மண்ணின் சாயல் மாறாமல் வரைந்த கோபுலுவும் அதே ஆண்டில் பிறந்தவர்கள். அவர்களுக்கு முன்பே ‘விகட’னில் மாலி வழிவகுத்திருந்தார். இவர்களில் எவரும் சங்கரைப் போல ஒரே பத்திரிகைக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வரைந்ததில்லை.

பள்ளி ஆசிரியரின் மகனான சங்கர், பத்து வயதில் குடும்பத்துடன் சென்னைக்கு வந்து, முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் படித்து, சித்திர ஆசிரியரின் தூண்டுதலால் அரசினர் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பின்னாளில் மெரினாவில் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அப்போது அங்கே தலைவர். 1946இல் ‘கலைமக’ளிலும், 1952இல் நாகிரெட்டியும் சக்கரபாணியும் நடத்திய ‘அம்புலிமாமா’விலும் சங்கர் சேர்ந்தார்.

அதே 1952இல் ஜப்பானில் ஒஸாமு தெசுகா என்ற இளைஞர், நம்மில் பலர் ‘ஆஸ்ட்ரோ பாய்’ என்று அறிந்த இயந்திரச் சிறுவனின் தொடர்கதையை ஒரு சிறுவர் பத்திரிகையில் ஆரம்பித்தார். ‘அம்புலிமாமா’ பிறந்த 1947இல்தான் அவருடைய ‘புதிய புதையல் தீவு’ம் வெளியாகி, அந்நாட்டின் ‘மாங்கா’ என்னும் படக்கதைக்குப் புது யுகம் ஒன்றைத் திறந்து வைத்தது. அந்நூலின் தொடக்கத்தில் ஒரு சிறுவன் மோட்டாரை விரைந்து ஓட்டிக்கொண்டு துறைமுகம் சேர்வதை, சினிமாப் படம் ஓடுவதுபோல் கட்டம் கட்டமாகப் பகுத்து அவர் காட்டுகிறார். தெசுகாவுக்குக் காலம் பல கட்டங்களில் ஓடுவது. சங்கருக்கோ, பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு படமே உரியதாகையால், கதையின் ஒரு கணத்தைத் தேர்ந்து, அதற்கு முன்னும் பின்னும் நிகழ்வதையெல்லாம் அந்த ஒன்றுக்குள் அடக்க வேண்டியிருந்தது.

விக்கிரமாதித்தன் வேதாளத்தைச் சுமந்து செல்லும் அவருடைய சித்திரத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். உருவிய வாளுடன் ஒரு கை, தோளில் பிணம், முன்னே வைத்த கால், சுற்றிலும் மண்டையோடுகள் கிடக்கும் மயானம். பிணத்தின் பாரம் முழுவதும் தோளிலும் தொடையிலும் இறங்கியிருப்பதைக் கண் உணர்கிறது. நடையோ தளரவில்லை, முகமோ கலங்கவில்லை. பாரம் தாங்கும் தேகத்தை வரையும் இந்த வித்தையில் சிற்பியின் பள்ளியில் பயின்றதன் பயன் தெரிகிறது என்பது என் கருத்து. கதை நிகழ்வது முழுவதும் அந்த நடையில்தான். மௌனம் கலைந்தால் வேதாளம் மீண்டும் மரமேறிவிடும். அந்த இடைவழியையே சங்கர் தேர்ந்தெடுத்தார். அதனால்தான் தனித்தனிக் கதைகள் மறந்தவர்களுக்கும் அரசனின் அந்த நடை மறப்பதில்லை.

இன்னொரு நிர்ப்பந்தமும் அவருக்கு இருந்தது. தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிய அப்பத்திரிகை ஹிந்தி, ஒரியா, சமஸ்கிருதம், சிங்களம் என்று பன்னிரண்டு மொழிகள் அளவுக்குப் பரவியபோது, சென்னையில் வரைந்த ஒரே படம் அத்தனை மொழிகளின் குழந்தைகளுக்கும் பொதுவாயிற்று. மணியத்தின் வந்தியத்தேவன் சோழ தேசத்தவன். கோபுலுவின் நாதஸ்வர வித்வான் காவிரிக் கரைக்காரர். சங்கரின் அரசனோ கட்டாக்கில் படிப்பவனுக்கும் கண்டியில் படிப்பவனுக்கும் தன் நாட்டு அரசனாகவே தோன்ற வேண்டும். பொதுவாக்கப்பட்ட உருவம் உயிரற்றுப் போவது சகஜம். ஆபரணத்தின் கண்ணி, தூணின் போதிகை, குதிரைச் சேணம் ஆகியவற்றில் காட்டிய நுட்பத்தினால் அவர் அந்த அபாயத்தைக் கடந்தார்.

எங்கே நின்றோம் என்பதையும் சொல்ல வேண்டும். தெசுகா கதையையும் படத்தையும் தாமே சிருஷ்டித்து, 1972 முதல் 1983 வரை புத்தருடைய சரித்திரத்தையே நெடும் படக்கதையாக வரைந்தார். நமது சம்பிரதாயத்தில் கதை எழுத்தாளனுடையது. சித்திரக்காரனுக்கு ஓரத்தில் ஒரு கையெழுத்து. வாண்டுமாமாவின் கதைகளுக்குச் செல்லம் முதலியோர் வரைந்த படக்கதைகள் நல்ல ஆரம்பமாக இருந்தும், அவ்வழி பெருநெறி ஆகவில்லை. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் புறப்பட்டபோது, முதல் இதழின் இரும்புக்கை மாயாவி இங்கிலாந்துப் பத்திரிகையிலிருந்து வந்தவன்; அவனை வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோ ஸ்பெயின் தேசத்தவர். திண்டுக்கல் வீதிகளில் அப்புத்தகங்களை இரவல் வாங்கிப் படித்து வளர்ந்த தலைமுறையின் இன்பத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் தன் கதையைத் தானே வரையும் சித்திரக்காரனுக்குத் தொடர்ந்து ஊதியமும் இடமும் தந்த பத்திரிகை தமிழில் நிலைபெறவில்லை. திறமைக் குறைவினால் நேர்ந்த நஷ்டமன்று அது.

‘அம்புலிமாமா’ நின்ற பின்னும் ‘ராமகிருஷ்ண விஜய’த்துக்கு வரைந்துகொண்டிருந்த சங்கர், 2020 செப்டம்பர் 29 அன்று தமது 96ஆம் வயதில் காலமானார். மறுவருஷம் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. விருது வந்துவிட்டது, ஆராய்ச்சி வர வேண்டும். 1952 முதல் அவர் வரைந்தவற்றை ஆண்டுவாரியாகத் தொகுத்து, கோடு எப்போது முதிர்ந்தது, சித்ரா, எம். டி. வி. ஆச்சார்யா முதலிய சகாக்களிடமிருந்து எதைப் பெற்றார், எங்கே பிரிந்தார் என்று ஒப்பிட்டுக் காட்டும் நூலொன்றை நம் கலைக்கல்லூரிகளோ பல்கலைக்கழகங்களோ முயன்று வெளியிட்டால், மணியம், கோபுலு ஆகியோரைப் பற்றியும் அவ்வாறே எழுதுவதற்கு அது அளவுகோலாகும்.