மரக் குதிரையைச் சொன்னவர்கள்

சில ஆண்டுகளாகத் தமிழ் இலக்கியக் கூட்டங்களில் ஒரு வாதம் அடிக்கடி காதில் விழுகிறது. ஜெர்மானியர்கள் பள்ளிக்கூடத்திலேயே ஹோமரைக் கிரேக்க மூலத்தில் படித்தார்கள். அதனால்தான் அங்கே ஒரு கெதே தோன்றினார், ஒரு நீட்சே தோன்றினார். நாமோ கம்பனையும் வியாசனையும் உரைநடையில் சுருக்கிப் பிள்ளைகளுக்கு ஊட்டிக் கெடுத்துவிட்டோம் என்பது அந்த வாதம். சொல்பவர்கள் நன்கு படித்தவர்கள்தான். கம்பனை மூலத்தில் படிக்கவேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இதற்கு ஜெர்மனியைச் சாட்சிக்கு அழைத்தால், அந்தச் சாட்சி நேர்மாறாகத்தான் பேசும்.

முதலில் கெதே. பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தப்படுத்தும் ஜிம்னாசியம் என்ற பள்ளியில் அவர் முறையாகப் படித்தவர் அல்ல. தந்தையிடமும் வீட்டுக்கு வந்த ஆசிரியர்களிடமும் கற்றவர். ஹோமர் தனக்கு எப்படி அறிமுகமானார் என்பதைத் தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். பிராங்க்ஃபர்ட்டில் பாதிரியாராக இருந்த சித்தப்பா வீட்டு அலமாரியில் ஒரு பயண நூல் தொகுதி இருந்தது. அதற்குள் இலியட் ஜெர்மன் உரைநடையில் கிடந்தது. சிறுவன் அதைப் படித்து முடித்தான், கோபித்துக்கொண்டான். கதை ஹெக்டரின் சாவோடு நின்றுவிட்டதே, ட்ராய் நகரம் என்ன ஆயிற்று? வர்ஜிலைப் படி என்று சித்தப்பா வழிகாட்டினார். ஜெர்மன் இலக்கியத்தின் தலைமகன் ஹோமருக்குள் நுழைந்த வாசல் ஓர் உரைநடை மொழிபெயர்ப்பு. அவன் கேட்ட கேள்வி நகரத்தைப் பற்றியது. இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு போக விரும்புகிறேன்.

ஜெர்மானியர்களின் கிரேக்க ஈடுபாடு தொடங்கிய காலம் வாசகர்கள் அறிந்ததே. ஸ்டெண்டால் என்ற ஊரில் செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்த வின்கெல்மன், சிற்றூர்ப் பள்ளியில் பகலெல்லாம் பாடம் நடத்திவிட்டு இரவில் ஹோமரைப் படித்தார். 1755இல் வெளிவந்த அவருடைய சிறு நூல் ஜெர்மன் அறிவுலகத்தையே கிரேக்கத்தின் பக்கம் திருப்பியது. 1795இல் ஹாலே பல்கலைக்கழகத்தின் ஃபிரீட்ரிஷ் அவுகுஸ்ட் வோல்ஃப், ஹோமர் என்ற ஒற்றைப் புலவர் எழுதிய நூல்கள் அல்ல இவை, வாய்மொழியாக வழங்கிய பாடல்கள் பின்னாளில் தொகுக்கப்பட்டவை என்று வாதிட்டார். (அவர் எழுப்பிய வாய்மொழிக் கேள்விதான் அமெரிக்கரான மில்மன் பாரி வழியாக நம் கைலாசபதியிடம் வந்து சேர்ந்தது. பர்மிங்காமில் கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து, சங்கப் பாடல்களை ஹோமரோடு சேர்த்து வைத்து அவர் எழுதிய நூல் 1968இல் வந்தது. அதை இன்று எத்தனை தமிழ்த் துறைகள் பாடமாக வைக்கின்றன?)

வின்கெல்மனுக்கும் வோல்ஃபுக்கும் நடுவே நிற்பவர் ஜொஹான் ஹைன்ரிஷ் ஃபோஸ். பண்ணையடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவரின் பேரன். எல்பே ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே, ஓட்டர்ண்டார்ஃப் என்ற சின்ன ஊரில் பள்ளித் தலைமையாசிரியர். 1781இல் ஒடிசியையும், 1793இல் இலியட்டையும் ஹோமரின் சந்தத்திலேயே ஜெர்மனில் கொண்டுவந்தார். ஜெர்மன் மொழிக்கு அந்தச் சந்தம் இயல்பானது அல்ல. மொழியின் எலும்பையே வளைத்துத்தான் அதைச் சாதித்தார். பிறகு வந்த தலைமுறைகள் ஹோமர் என்று நினைவில் வைத்திருந்தது பெரும்பாலும் ஃபோஸின் வரிகளைத்தான். அரண்மனைக் கல்வி பெறாத ஓர் ஊர் வாத்தியார் செய்த வேலை இது.

அடுத்து வருவது நம் கூட்டங்களில் புகழப்படும் பொற்காலம். 1809இல் பிரஷ்யக் கல்வித் துறையின் பொறுப்பேற்ற வில்ஹெல்ம் ஃபான் ஹும்போல்ட்டின் கனவு உயர்ந்தது: தச்சனுக்குக்கூடக் கிரேக்கம் வீண்போகாது என்று எழுதியவர் அவர். ஆனால் அவர் பதவியில் இருந்தது ஓராண்டுக்குச் சற்று மேல். பின்னால் வந்தவர்கள் தச்சனை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். 1834இலிருந்து பல்கலைக்கழகத்துக்குள் போக ஜிம்னாசியத்தின் இறுதித் தேர்வு கட்டாயம். 1837ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், ஒன்பது ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கணக்கிட்ட வாரப் பாடவேளைகள் 280. அதில் லத்தீனுக்கு 86, கிரேக்கத்துக்கு 42, தாய்மொழியான ஜெர்மனுக்கு 22. முதலில் வினைத்திரிபுகளையும், கிரேக்க உரைநடை ஆசிரியர் செனஃபனையும் அரைத்துக் கரைத்துக் குடிக்கவேண்டும். அதன்பிறகே ஒடிசி; கடைசி வகுப்புகளில் இலியட். காவியம் அரசு வேலைக்கான சுங்கச் சாவடியாக மாறியது. பெண்கள் அந்தச் சாவடியின் பக்கமே வர முடியவில்லை. பெர்லினில் ஹெலனெ லாங்கே அவர்களுக்கான ஜிம்னாசிய வகுப்புகளைத் தொடங்க 1893 ஆயிற்று.

இந்த வகுப்பறைகள் எப்படி இருந்தன என்பதற்கு ஹெர்மன் ஹெஸ்ஸேயின் சாட்சியே போதும். 1891இல் மவுல்ப்ரோன் மடத்துப் பள்ளியில் சேர்ந்தார். அடுத்த மார்ச்சில் ஓடிப்போனார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த நாவலில் மாணவர் தங்கும் அறைக்கு ஹெல்லாஸ் என்று பெயர். கிரேக்கத்தின் பெயரைச் சூட்டிய அறைக்குள் ஒரு பையன் மெல்ல மெல்ல நசுங்கிப்போகிறான். 1890இல் பள்ளி மாநாட்டைக் கூட்டிய பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், நமக்கு வேண்டியது இளம் ஜெர்மானியர்கள், இளம் கிரேக்கர்களும் ரோமானியர்களும் அல்ல என்று முழங்கினார். அவரும் காசெல் நகர ஜிம்னாசியத்தில் படித்துத் தேறியவர்தான். அத்தனை ஆண்டுக் கிரேக்கம் அவருக்குள் எதை விதைத்தது?

அதே நூற்றாண்டில் ஹோமர் பள்ளிக்கு வெளியே நன்றாகவே வாழ்ந்தார். டூபிங்கன் பக்கத்தில் கோமாரிங்கன் என்ற சிற்றூரில் பாதிரியாராக இருந்த குஸ்தாவ் ஷ்வாப், 1838க்கும் 1840க்கும் இடையே பழங்காலப் புராணக் கதைகளை மூன்று தொகுதிகளாக ஜெர்மன் உரைநடையில் எழுதினார். ஜிம்னாசியத்தில் இடமில்லாத சிறுமிகளுக்கும், கடைக்காரர், கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ட்ராய் கிடைத்தது இந்த வழியில்தான். அந்த நூல் இன்றும் அச்சில் இருக்கிறது. ஷ்வாப்பிடம் எனக்குக் குறை உண்டு. இளைஞர் மனம் கெடக்கூடாது என்று காமத்தைச் சலித்து எடுத்தார். கொடூரத்தின் கூர்மையையும் அங்கங்கே மழுக்கினார். இருந்தாலும் கெதே சிறுவனாகக் கேட்ட கேள்விக்கு அவர் பதில் வைத்திருந்தார். இலியட் நின்ற இடத்தில் அவர் நிற்கவில்லை, நகரம் எரியும்வரை போனார். மண்ணைத் தோண்டி ட்ராயைத் தேடிய ஷ்லீமனும் ஜிம்னாசியத்தில் சில மாதங்களே இருந்தவர், மளிகைக் கடைப் பையன், முப்பது வயதைத் தாண்டிக் கிரேக்கம் கற்றவர்.

இனி நான் நிதானமாக நிற்க விரும்பும் இடம். 1941 ஏப்ரலில் ஜெர்மன் படை ஏதென்ஸுக்குள் நுழைந்தது. அடுத்து வந்த பஞ்சத்தில் அந்த நகரத்தில் பல்லாயிரம் பேர் பட்டினியால் செத்தார்கள். அந்தப் படையில் எர்ஹார்ட் கெஸ்ட்னர் இருந்தார். (சிறுவர் கதைகள் எழுதிய எரிஷ் கெஸ்ட்னர் வேறு.) இலக்கியத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர், நூலகர். வீரர்களுக்காகக் கிரேக்கத்தைப் பற்றி ஒரு நூல் எழுதும்படி விமானப்படை அவரைப் பணித்தது. போர் நடக்கும்போதே வெளிவந்த அந்த நூலில் ஜெர்மன் சிப்பாய்களை ஹோமரின் அக்கேயர்களுக்கு, அதாவது ட்ராயின்மேல் படையெடுத்த கிரேக்கர்களுக்கு, ஒப்பிட்டார். அழகான உரைநடைதான். அந்த அழகே என்னை நடுங்க வைக்கிறது. 1944 ஜூன் 10 அன்று டெல்ஃபிக்கு அருகே டிஸ்டோமோ கிராமத்தில் எஸ்.எஸ். படையினர் 218 பேரைக் கொன்றார்கள். கைக்குழந்தைகளையும் விடவில்லை. மூலமொழியில் நூறாண்டு ஹோமரைப் படிக்கவைத்த நாட்டின் படை அது.

அதே கிரேக்கத்தில் அதே ஆண்டுகளில் செய்திப் பிரிவில் இன்னொரு சிப்பாய் இருந்தான்: ஃபிரான்ஸ் ஃபியூமன், போஹீமியாவைச் சேர்ந்த மருந்துக் கடைக்காரரின் மகன், 1922இல் பிறந்தவன், தானாக விரும்பி நாஜிப் படையில் சேர்ந்தவன். சோவியத் போர்க்கைதி முகாமில் 1949வரை இருந்துவிட்டுக் கிழக்கு ஜெர்மனிக்கு வந்தார். அதன்பின் அவர் எழுதியதெல்லாம், நான் எப்படி அந்த ஆளாக இருந்தேன் என்ற ஒரே விசாரணை. கிரேக்கத்தில் சிப்பாய்கள் இடிப்பஸ் நாடகம் போடத் தயாராவதைப் பற்றி 1966இல் ஒரு கதை எழுதினார். குற்றவாளியைத் தேடிப் போகும் அரசன் தானே குற்றவாளி என்று அறியும் நாடகம். அதைப் படித்தும் தங்களை அதில் காணாத மனிதர்கள்.

1968இல் இளைஞர்களுக்காக மரக் குதிரை என்ற நூலை எழுதினார். ட்ராயின் வீழ்ச்சியையும் ஒடிசியஸின் அலைச்சலையும் ஹோமரிடமிருந்தும் வேறு மூலங்களிலிருந்தும் எடுத்துத் தொடர்ச்சியாகச் சொல்லும் உரைநடை. கிழக்கு ஜெர்மனியில் கிரேக்கம் கற்பித்த பள்ளிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அங்கே ஹோமர் ஒரு தலைமுறையின் கையில் இந்த நூலாகத்தான் வந்தார். 1974இல் ஃபியூமன் ஒரு விரிவுரையில், தேவதைக் கதையில் நல்லதும் கெட்டதும் தனித்தனியே நிற்கும், புராணத்தில் இரண்டும் ஒரே உடம்பில் இருக்கும் என்ற கருத்தை முன்வைத்தார். ஜெர்மன் மொழியில் புராணத்தைப் பற்றி அந்த நூற்றாண்டில் சொல்லப்பட்டவற்றுள் ஆசிரியர்களுக்கு மிகவும் தேவையானது இதுதான் என்பேன். கிறிஸ்டா வோல்ஃபின் கஸாண்ட்ராவை, ட்ராயின் வீழ்ச்சியைப் பற்றி 1983இல் வந்த நாவலை, உலகம் அறியும். அதற்கு முன்பே பாதை போட்ட ஃபியூமனை ஜெர்மனிக்கு வெளியே யாரும் நினைப்பதில்லை.

மரக் குதிரைக் கதை இலியட்டில் இல்லை. ஒடிசியின் எட்டாம் பாடலில் கண் தெரியாத பாணன் ஒருவன் அதைப் பாடுகிறான். அந்தத் தந்திரத்தைச் செய்த ஒடிசியஸே சபையில் உட்கார்ந்து கேட்கிறான், அழுகிறான். எப்படி அழுகிறான்? ஊரைக் காக்கப் போராடி விழுந்த கணவனின் உடல்மேல் புரண்டு கதறும் பெண்ணைப் போல, பகைவர்கள் ஈட்டியால் முதுகில் குத்தி அடிமையாக இழுத்துச் செல்லும்போது அவள் அழுவதைப் போல. வென்றவனின் கண்ணில் தோற்றவளின் கண்ணீர். இந்த உவமையைக் கிரேக்கத்தில் கூறுபிரித்து இலக்கணம் சொல்லத் தெரிந்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அதை உள்ளே வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பதற்கு டிஸ்டோமோ பதில்.

இன்று ஜெர்மன் ஜிம்னாசியங்களிலும் கிரேக்கம் படிப்பவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் ஐந்தாம், ஆறாம் வகுப்பு ஜெர்மன் பாடத்தில் தொன்மக் கதைகள் இருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் ரூர் பகுதியில் ஓர் ஈழத்துக் குடும்பத்தின் வீட்டில் தங்கியிருந்தபோது, ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் வீட்டுப்பாடத் தாளை மேசையில் விரித்தாள். நான்கு கட்டங்கள்: நாயகன் யார், எந்த இடம், இயற்கையை மீறிய நிகழ்ச்சி எது, நாயகனின் குணங்கள் எவை. கடைசிக் கட்டத்தில் "தந்திரசாலி" என்று எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமா, குதிரைக்குள்ள இருந்தவை வெளியில வந்த பிறகு அந்த ஊர்ச் சனத்துக்கு என்ன நடந்தது?"

அதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை. அடுப்படியில் நின்ற அவளுடைய தாய் பேச்சை நிறுத்திவிட்டார். நான் தெரிந்தவரை சொன்னேன்: ஹெக்டரின் மனைவியை, அவள் குழந்தையை, முதிய அரசியை. இரவு உணவு ஆறிப்போனது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நம் ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் திடலில் அபிமன்யு விழும் இரவில் பெண்கள் அழுததும் இப்படிக் கேட்டுத்தான். அவர்கள் வில்லிபாரதத்தை ஏட்டில் படித்தவர்கள் அல்லர். ராஜாஜியின் வியாசர் விருந்து வழியாகப் பாரதத்துக்குள் போனவர்கள் அங்கேயே நின்றுவிடவும் இல்லை. பலர் மூலம் தேடிப் போனார்கள். கம்பனே மறுபடி சொன்னவன்தானே? மூலம் மேலே இருக்கட்டும். ஏறிப்போகப் படி வேண்டும். பள்ளிக்கூடத்தின் வேலை அந்தப் படியைக் கட்டுவது. முழுக்கதையைச் சொல்லவேண்டும், தோற்றவர்களின் பக்கத்தையும் விடாமல், வாய்விட்டுப் படித்துக் காட்டிச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகு கட்டம் போட்ட தாள்களைக் கொடுக்கலாம்.

ஃபியூமன் 1984 ஜூலை 8 அன்று இறந்தார். மெர்கிஷ் புக்ஹோல்ட்ஸ் என்ற சிற்றூரில் அவரைப் புதைத்திருக்கிறார்கள். ஜெர்மனை ஜெர்மனியிலேயே கற்று, வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த ஒரு தலைமுறை இப்போது முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருக்கிறது. இடையில் ஆங்கிலம் இல்லாமல் மரக் குதிரையைத் தமிழுக்குக் கொண்டுவரக்கூடியவர்கள் அவர்கள். உங்களில் யாராவது அதைக் கையில் எடுங்கள்.