களாப்பழக் கறுப்பு

ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோயிலுக்குப் போகிற வழியிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பிலும் எல்லாரும் மாமரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். தோப்பு முடிந்து மலையடிவாரம் தொடங்குமிடத்தில், இடுப்பளவில் களாப்புதர் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் குனியவேண்டும்.

முதலில் முள்ளைப் பாருங்கள். கிளை நுனியின் குருத்தே இரண்டாகப் பிரிந்து, இறுகி, முள்ளாகிவிடுகிறது. நுனி அடைபட்ட கிளை மேலே போக முடியாமல் கீழ்க்கணுவில் இருபுறமும் துளிர்க்கிறது. அந்தக் கிளைகளும் சற்று வளர்ந்து முள்ளில் முடிகின்றன. புதர் முழுக்கக் கவைமேல் கவையாக விரிவது இதனால்தான். நீலகிரிக் குளிரில் வளரும் ஊசிக்களாவின் கதை வேறு: அங்கே இலைதான் முள்ளாகிறது, கிளை தன்பாட்டுக்கு நீள்கிறது.

இத்தனை முரட்டு முள்ளுக்கு நடுவே வெள்ளைப் பூங்கொத்து. ஐந்து மெல்லிதழ், திருகிவிட்டதுபோல் மொட்டு, முல்லையை நினைவூட்டும் வாசனை. அரளியின் சொந்தக்காரச் செடி என்பது இலையைக் கிள்ளினால் வடியும் பாலில் தெரியும். நல்லவேளை, பழத்தில் அரளிக் குணம் இல்லை.

காய் பச்சையாக இருந்து சிவந்து, பிறகு கறுக்கும். சிவப்பில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுத் தின்பவர்கள் ஒரு கட்சி. பால் உதட்டில் பிசுபிசுக்கும், பல் கூசும், விடமாட்டார்கள். நான் கறுத்த பழத்தின் கட்சி. அந்தக் கறுப்பு நயமானது. மேலே மினுமினுப்பு, பிட்டால் உள்ளே ரத்தச் சிவப்பு, புளிப்புக்குப் பின்னால் மெதுவாக வரும் இனிப்பு.

இந்தக் கறுப்பை நமக்கு முன்னமே ஒருவர் கவனித்திருக்கிறார். பொதிகை மலைத் தலைவன் ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், பாணரின் சீறியாழ்த் தண்டுக்குக் களாப்பழத்தையே உவமை சொல்கிறார் (புறநானூறு 127). காக்கையும் மையும் இருக்க, அவர் இதைத் தேர்ந்தது சும்மா இல்லை. கை பட்டுப் பட்டுப் பளபளத்த மரத்தின் கறுப்புக்கு மினுக்குள்ள பழம்தான் பொருந்தும்.

இப்போது பேக்கரிக்காரர்கள் அதே காயைப் பாகில் ஊறவைத்து, சாயமேற்றி, கேக்கின் உச்சியில் செர்ரி என்று வைக்கிறார்கள். தித்திப்பைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. களாவுக்கு உயிரே புளிப்பு. அதைப் பிழிந்தெடுத்துவிட்டுச் சிவப்பை மட்டும் விற்பது எனக்கு ஒப்பவில்லை.